‘ஹேனிங்’ என்ற பழைய ஸ்காட்ஸ் சொல்லின் பொருள் என்ன? அது எங்கிருந்து வந்தது?

ஸ்காட்லாந்தின் எல்லைப்புற நகரான செல்கர்க்கை நிலப்படத்தில் பார்த்தால், ஊரை ஒட்டியே ‘தி ஹேனிங்’ என்ற பெயரில் ஒரு மாளிகையும் ஏரியும் இருக்கும். அந்தப் பெயரைப் பற்றித்தான் கேள்வி. ஸ்காட்லாந்தின் தாழ்நிலத்தில் பேசப்படும், ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவான ஸ்காட்ஸ் மொழியின் அகராதியில் தேடினால் ‘ஹேனிங்’ என்பதற்கு ‘அடைப்பு நிலம்’ என்ற பொருள் கிடைக்கிறது. அதன் வினையான ‘ஹேன்’ என்பதற்கோ ‘சிக்கனமாக இரு, மிச்சம் பிடி’ என்ற பொருளும் இருக்கிறது. இவை ஒரே சொல்லா, தற்செயலாக ஒலியில் ஒத்துப்போன இரண்டு சொற்களா, மூலம் எது என்பது கேட்டவரின் ஐயம்.

ஒரே சொல்தான். மூலம், வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியின் ‘ஹெக்னா’ என்ற வினை. ஆனால் ‘அடைப்பு நிலம்’ என்ற அகராதிப் பொருளோடு நின்றுவிட்டால் சொல்லின் பாதி கைநழுவிப் போகும். ஹேனிங்கில் வேலிக்கு இரண்டாம் இடம்தான். முதலிடம் மேயவிடாமல் நிறுத்தி வைப்பதற்கு. புல்லையோ மரத்தின் இளந்தளிரையோ கால்நடையின் வாய்க்கு எட்டாமல் ஒரு காலம் வரை காத்து வைத்தால் அந்த இடம் ஹேனிங். அதைச் சுற்றிக் கற்சுவர் இருக்கலாம், முள்வேலி இருக்கலாம், கையில் கோலோடு ஒரு மேய்ப்பச் சிறுவன் நிற்பது மட்டுமேகூட இருக்கலாம். இதைப் பிடித்துக்கொண்டால், சேமிப்பு என்ற பொருள் எங்கிருந்து வந்தது என்று தனியாகக் கேட்க வேண்டியிருக்காது.

முதலில் ஒலி. ‘ஹெக்னா’வில் இருக்கும் க ஒலி எங்கே போயிற்று? உயிரொலிக்கும் ன, ல போன்ற ஒலிகளுக்கும் நடுவில் அகப்பட்ட அந்த ஒலி கரைந்து, முன்னால் இருக்கும் உயிரை நீட்டிவிட்டு மறைவது அந்த மொழிக் குடும்பத்தில் வழக்கமான மாற்றம். பழைய ஆங்கிலத்தில் மழைக்கு ‘ரெக்ன்’ என்று எழுதினார்கள். அது இன்று ‘ரெய்ன்’. பாய்மரத்துக்கு ‘செகல்’, இன்று ‘செய்ல்’. அதே பாதையில் ‘ஹெக்னா’ ‘ஹேன்’ ஆனது. டென்மார்க்கில் இன்றும் வேலிக்கு ‘ஹெக்ன்’ என்று எழுதுகிறார்கள். ஆனால் பேசும்போது அது ஏறத்தாழ ‘ஹைன்’ என்று ஒலிக்கும். இரண்டு நாட்டார் கலந்து பேசாமலே வாய் ஒரே வழியில் சோம்பியிருக்கிறது.

இனி உறவினர்கள். ‘ஹெக்னா’வின் அடியில் இருப்பது வேலி, புதர் என்ற பொருள் கொண்ட மிகப் பழைய ஜெர்மானிய வேர். ஆங்கிலத்தில் புதர்வேலியைக் குறிக்கும் ‘ஹெட்ஜ்’ அந்த வேரிலிருந்து வந்தது. வேலிக்கு நடும் முட்செடியான ‘ஹாதார்ன்’ பெயரின் முற்பகுதியும் அதே வேர். நெதர்லாந்தின் ஹேக் நகரின் முழுப்பெயர் ‘ஸ்க்ராஃபன்ஹாகே’. பிரபுவின் வேலியடைத்த காடு என்று பொருள். வேல்ஸ் மொழியில் வயலைக் குறிக்கும் ‘கை’ என்ற சொல்லும், பிரெஞ்சு வழியாக வந்து இன்று கப்பல் துறையைக் குறிக்கும் ‘கே’ என்ற சொல்லும் இன்னும் ஆழத்தில் இதே வேரைத் தொடுகின்றன என்று மொழியியலாளர் பலர் கருதுகிறார்கள்.

இந்த வேர் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு குணத்தை எடுத்துக்கொண்டதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சுவீடனில் ‘ஹெங்ன்’ என்றால் பாதுகாப்பு, அரவணைப்பு. ஜெர்மனியில் ‘ஹேகென்’ என்பது வேட்டை விலங்குகளைப் பேணி வளர்ப்பதைக் குறித்தது. பிறகு மனத்தில் ஓர் ஐயத்தையோ நம்பிக்கையையோ வைத்து வளர்ப்பதற்கும் அதே வினை பயன்படத் தொடங்கியது. விலங்குகளை அடைத்து வைக்கும் இடத்துக்கு அங்கே ‘கெஹேகெ’ என்று பெயர். ஐஸ்லாந்தில் இந்தச் சொல் கடுமையாகிவிட்டது. அங்கே ‘ஹெக்னா’ என்றால் தண்டிப்பது. குற்றவியல் சட்டத்தொகுப்பின் பெயரிலேயே அந்தச் சொல் இருக்கிறது. எல்லை போடு, எல்லைக்குள் காப்பாற்று, எல்லை மீறினால் தண்டி என்று ஒரே வினை மூன்று படி ஏறியிருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரர்கள் இரண்டாவது படியில் நின்று பக்கவாட்டில் திரும்பினார்கள்: காப்பாற்று என்பதிலிருந்து மிச்சப்படுத்து என்பதற்கு.

நார்ஸ் சொல் தெற்கு ஸ்காட்லாந்துக்கு எப்படி வந்தது என்பதில் ஒரு பொதுவான தவறான கருத்து உண்டு. வைக்கிங் கப்பல்கள் நேராகக் கொண்டுவந்து இறக்கியதாகப் பலர் நினைக்கிறார்கள். வடக்கே ஆர்க்னி, ஷெட்லாந்து தீவுகளுக்கு அது பொருந்தும். அங்கே நார்ஸின் கிளையான ‘நார்ன்’ மொழியே பல நூற்றாண்டுகள் பேசப்பட்டது. ஆனால் தாழ்நில ஸ்காட்ஸ் மொழியில் இருக்கும் நார்ஸ் சொற்களில் பெரும்பகுதி வட இங்கிலாந்து வழியாக வந்தது. டேனியர் குடியேறிய யார்க்‌ஷயர் போன்ற பகுதிகளில் ஆங்கிலமும் நார்ஸும் கலந்து ஒரு பேச்சு உருவாகியிருந்தது. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் டேவிட் மன்னர் ஸ்காட்லாந்தில் வணிக நகரங்களை நிறுவியபோது, அந்தப் பேச்சைப் பேசிய வணிகர்களும் கைவினைஞர்களும் வடக்கே வந்து குடியேறினார்கள். தேவாலயத்துக்கு ‘கர்க்’, வீடு மாறிப் போவதற்கு ‘ஃபிளிட்’, பெட்டிக்கு ‘கிஸ்ட்’ என்ற சொற்களெல்லாம் வந்த வழி இதுதான். ‘ஹேன்’ அந்தக் கூட்டத்தில் ஒன்று. வட இங்கிலாந்தின் வட்டார வழக்கிலும் அது இருந்தது என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சொல்லின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள, 18ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய ஸ்காட்லாந்து நிலத்தை மனக்கண்ணில் கொண்டுவர வேண்டும். இன்று அங்கே பயணம் செய்கிறவர் காணும் நேர்க்கோட்டுக் கற்சுவர்களும் கட்டம் கட்டமான வயல்களும் அப்போது மிகக் குறைவு. ஊருக்கு அருகில் ‘இன்ஃபீல்டு’ என்ற உள்வயல். எரு முழுவதும் அங்கே போகும். ஆண்டுதோறும் பயிர் உண்டு. அதற்கு வெளியே ‘அவுட்ஃபீல்டு’ என்ற புறவயல். அதில் துண்டு துண்டாகச் சில ஆண்டுகள் விதைத்து, சில ஆண்டுகள் தரிசாக விடுவார்கள். அதற்கும் அப்பால் ‘ஹெட் டைக்’ என்ற தலைவரப்பு. வரப்புக்கு மேலே மலைப்புல், பொது மேய்ச்சல். உள்வயல் ‘ரிக்’ என்ற நீண்ட மேட்டுப்பாத்திகளாகப் பிரிந்திருக்கும். ஒருவருடைய ரிக்குக்கும் அடுத்தவருடைய ரிக்குக்கும் நடுவில் வேலி கிடையாது. ஒரே குடியானவருக்குச் சொந்தமான ரிக்குகள் ஊர் முழுவதும் சிதறிக் கிடக்கும்.

இப்படிப்பட்ட நிலத்தில் அறுவடை முடிந்ததும் கட்டு அவிழும். குளிர்காலம் முழுவதும் மாடும் குதிரையும் ஆடும் யாருடைய நிலம் என்று பாராமல் திரியும். கோடையில் மேய்ப்பவன் உண்டு, குளிர்காலத்தில் கிடையாது. ஆகவே ஒரு துண்டுப் புல்லை வைக்கோலுக்காகவோ, ஈன்ற பசுவுக்காகவோ, வேலை செய்து களைத்த குதிரைக்காகவோ விட்டுவைக்க வேண்டும் என்றால், ‘இது ஹேன் செய்யப்பட்டது’ என்று அறிவித்து, ஊர் முழுவதும் அதை மதிக்கச் செய்ய வேண்டும். ‘ஹேனிங் காலம்’ என்றே ஒரு வழக்கு இருந்தது. வயலில் பயிர் நிற்பதால் கால்நடைகளை அண்டவிடாத காலம் என்று அதற்குப் பொருள். இடத்தைக் குறிக்கும் சொல் பருவத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். கற்சுவருக்குக் காலக்கெடு இல்லை. ஹேனிங்குக்கு உண்டு.

இந்தக் குளிர்காலத் திரிச்சலை நிறுத்த ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 1686இல் ஒரு சட்டம் செய்தது. கோடையைப் போலவே குளிர்காலத்திலும் கால்நடைகளை மேய்ப்பவன் கண்காணிப்பில் வைத்திருக்க வேண்டும், அடுத்தவர் நிலத்தில் பிடிபடும் ஒவ்வொரு விலங்குக்கும் அரை மெர்க் கொடுக்க வேண்டும் என்றது அது. அரை மெர்க் என்றால் ஸ்காட்லாந்து நாணயத்தில் 6 ஷில்லிங் 8 பென்ஸ். மரக்கன்றையும் புதர்வேலியையும் காப்பதுதான் சட்டத்தின் நோக்கம். அது 1987ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டம் வரும்வரை, 300 ஆண்டுகள், ஏட்டில் உயிரோடு இருந்தது.

மரத்தைச் சொன்னேன். ஹேனிங்கின் கதையில் புல்லைவிடக் காட்டுக்குத்தான் பெரிய பங்கு. மேற்கு ஸ்காட்லாந்திலும் பெர்த்‌ஷயரிலும் ஓக் காடுகளை வேரோடு அழிக்காமல் அடியோடு வெட்டி, கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கவிடும் முறை இருந்தது. தோல் பதனிட ஓக் பட்டை வேண்டும், இரும்பு உருக்கக் கரி வேண்டும். ஆர்கைல் பகுதியில் 1753இல் தொடங்கிய போனாவ் உருக்காலை 1876 வரை கரியில் எரிந்தது. அதற்கான விறகு இத்தகைய காடுகளிலிருந்து வந்தது. காட்டைப் பங்கு பங்காகப் பிரித்து, ஆண்டுக்கொரு பங்கை வெட்டி, ஏறத்தாழ 20 முதல் 25 ஆண்டுகளில் முதல் பங்குக்குத் திரும்பி வருவார்கள். வெட்டிய கட்டையில் வரும் தளிரை மாடு, ஆடு, குறிப்பாக வெள்ளாடு விட்டுவைக்காது. ஆகவே வெட்டு முடிந்தவுடன் அந்தப் பங்கை அடைத்து, துளிர் கால்நடைக்கு எட்டாத உயரம் வளரும்வரை சில ஆண்டுகள் ஹேன் செய்வார்கள். பிறகு அடைப்பைப் பிரித்து மறுபடி மேயவிடுவார்கள். பழைய குத்தகைப் பத்திரங்களில் ‘காட்டை ஹேன் செய்தல்’ என்று வருவது இந்த வேலைதான்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அப்படி வெட்டும் பங்குக்கு ஸ்காட்ஸில் ‘ஹேக்’ என்று பெயர். காடு, ஹேக், ஹேனிங் என்று மூன்றும் ஒரே பத்தியில் வரும்போது, ஹேக்கும் ஹேனும் ஒரு வேர் என்று நினைக்கத் தோன்றும். இல்லை. ‘ஹேக்’ நார்ஸில் வெட்டு என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது, வேலியோடு தொடர்பில்லாதது. வெட்டிய இடம் ஹேக், வெட்டிய பின் காக்கும் செயல் ஹேனிங். ஒரே மரக்கட்டையின் மேல் அடுத்தடுத்து அமர்ந்த இரண்டு சொற்கள்.

சட்டங்களிலும் இந்தச் சொல் நேராகவே வருகிறது. 1504இல் நாடாளுமன்றம், ஸ்காட்லாந்தின் மரம் முற்றிலும் அழிந்துவிட்டது என்று புலம்பி, நிலக்கிழார்களை மரம் நடச் சொன்னது. 1535இல், ஐந்தாம் ஜேம்ஸ் காலத்தில், அந்த ஆணை இன்னும் திட்டமானது. 100 பவுண்டு மதிப்புள்ள நிலம் வைத்திருப்பவர், அங்கே காடு இல்லையென்றால், மூன்று ஏக்கர் அளவுக்கு மரம் நட்டு, ‘ஹெட்ஜும் ஹேனிங்கும்’ செய்ய வேண்டும் என்றது. ஒரே வேரிலிருந்து பிறந்த இரண்டு சொற்கள், ஒன்று ஆங்கில வழி, மற்றொன்று நார்ஸ் வழி, ஒரே வாக்கியத்தில் தோளோடு தோள் நிற்கின்றன. வெறும் அலங்காரத்துக்காகப் பொருள் ஒத்த சொற்களை அடுக்குவது சட்ட மொழியில் உண்டுதான். ஆனால் இங்கே இரண்டும் வெவ்வேறு வேலை செய்கின்றன என்றே நான் வாசிக்கிறேன்: ஒன்று நட்டு வளர்க்கும் வேலி, மற்றது அந்த வேலிக்குள் இருப்பதைக் காக்கும் ஏற்பாடு.

வேடிக்கை என்னவென்றால், அதே ஐந்தாம் ஜேம்ஸ்தான் செல்கர்க்கைச் சூழ்ந்த எட்ரிக் காட்டில் 10,000 ஆடுகளை மேயவிட்டார் என்று பதிவு இருக்கிறது. எட்ரிக் அதற்கு முன் மன்னர்களின் வேட்டைக் காடு. மான்கள் இருந்த இடத்தில் ஆடுகள் வந்தபின் தளிர் தப்பவில்லை. இன்று ‘எட்ரிக் ஃபாரஸ்ட்’ என்ற பழம்பெயரால் சுட்டப்படும் பகுதியில் பெரும்பாலும் மொட்டைப் புல்மலைகளையும், 20ஆம் நூற்றாண்டில் நட்ட ஊசியிலைத் தோப்புகளையும்தான் காண்போம். மக்களுக்கு ஹேனிங் செய்யச் சொன்ன மன்னர் தம் காட்டை ஹேன் செய்யவில்லை. 1773இல் வடக்கே பயணம் வந்த ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன், வெனிஸ் நகரில் குதிரை எப்படி ஒரு காட்சிப்பொருளோ அப்படித்தான் ஸ்காட்லாந்தில் மரம் என்று கேலி செய்தார். அவர் போன வழி கிழக்குக் கரையோரம் என்பதால் அது முழு நியாயமில்லாத கேலி. முழுப் பொய்யும் இல்லை.

இனி சேமிப்புப் பொருளுக்கு வருவோம். இதற்கு ஸ்காட்ஸில் எழுதிய கவிஞர் ராபர்ட் பர்ன்ஸைவிட நல்ல சாட்சி கிடைக்காது. 1786 ஜூலையில் கில்மார்னக் நகரில் 612 படிகள் அச்சான அவருடைய முதல் தொகுப்பில், ஒரே நூலின் இரண்டு கவிதைகளில், இந்த வினை இரண்டு பொருளிலும் வருகிறது.

ஒரு கவிதையில் கிழக் குடியானவர் ஒருவர் புத்தாண்டுக் காலையில் தம் கிழட்டுப் பெண்குதிரை மேகியோடு பேசுகிறார். இருவரும் சேர்ந்து உழுது தேய்ந்தாயிற்று. இனி உன்னைக் கவனமாக ஏதாவது ஒரு ‘ஹேன்ட் ரிக்’கில் மாற்றிக் கட்டுவேன், அங்கே நீ அலுங்காமல் வயிறு புடைக்கத் தின்னலாம் என்கிறார். ஹேன்ட் ரிக் என்றால் மற்ற மாடுகள் வாய்வைக்காமல் விட்டுவைத்த மேட்டுப்பாத்தி. பல உரைகள் இதற்கு ‘வேலியடைத்த நிலம்’ என்று எழுதிவிட்டுப் போகின்றன. கவிதையையே பாருங்கள்: அவர் மாற்றிக் கட்டப்போவது முளைக்கயிற்றை. நாற்புறமும் வேலி இருந்தால் குதிரையை அவிழ்த்து உள்ளே விட்டுவிடலாமே, கயிறு எதற்கு? திறந்த பாத்தி, பக்கத்தில் அடுத்தவர் பயிர், அதனால்தான் கயிறு. இங்கே ஹேன் என்பது வேலியில்லாத ஹேன்.

மற்றொரு கவிதையில் கூலிக் குடியானவரின் வீட்டில் சனிக்கிழமை இரவு. மகள் ஜென்னியைப் பார்க்க ஓர் இளைஞன் வந்திருக்கிறான். தாய்க்கு உள்ளூர மகிழ்ச்சி. விருந்தாளியைப் பெருமைப்படுத்த, எடுத்து வைத்திருந்த ‘வீல் ஹேன்ட் கெபக்’கை வெளியே கொண்டு வருகிறாள். கெபக் என்பது முழுப் பாலாடைக்கட்டி. ஸ்காட்லாந்தின் மற்றொரு பழைய மொழியான கேலிக்கிலிருந்து வந்த சொல். ஆளிச் செடி பூத்த நாளிலிருந்து கணக்கிட்டால் அதற்கு ஒரு வயது ஆகிறது என்று அவள் பேச்சோடு பேச்சாகச் சொல்லியும் காட்டுகிறாள். ‘வீல் ஹேன்ட்’ என்றால் நன்றாகப் பதனமாக விட்டுவைத்தது. இங்கே வேலிக்கு வேலையே இல்லை. காக்க வேண்டியது மாட்டின் வாயிலிருந்து அல்ல, வீட்டுப் பிள்ளைகளின் வாயிலிருந்து.

இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் பொருள் எப்படி நகர்ந்தது என்பது தெளிவாகத் தெரிகிறது. புல்லை ஹேன் செய்தவள் பாலாடைக்கட்டியை ஹேன் செய்தாள், பிறகு காசை, உடுப்பை, உடம்பின் வலிமையை. நல்ல சட்டையை அன்றாடம் போடாமல் பெட்டியில் வைத்தால் அதுவும் ஹேன். வேலையில் முழு மூச்சையும் செலவழிக்காமல் அடக்கி வாசித்தால் அதுவும் ஹேன். ‘ஹேன்ட் கியர் ஹெல்ப்ஸ் வீல்’ என்று ஒரு பழமொழி உண்டு: மிச்சம் பிடித்த பொருள் நன்றாகக் கைகொடுக்கும். இதில் கருமித்தனத்தின் வாடை இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். கருமி எடுக்கவே மாட்டான். ஹேன் செய்கிறவர் பின்னால் எடுப்பதற்காகவே வைக்கிறார். பாலாடைக்கட்டி கடைசியில் மேசைக்கு வந்துவிடுகிறதல்லவா?

நிலத்திலிருந்து இந்தச் சொல்லைத் துரத்தியது எது? ‘பார்க்’ என்ற மற்றொரு சொல். ஸ்காட்ஸில் பார்க் என்றால் பூங்கா இல்லை. சுவரோ வேலியோ போட்டு நிரந்தரமாக அடைத்த எந்த வயலும் பார்க்தான். ‘லாங் பார்க்’, ‘மில் பார்க்’ என்று வயல்களுக்குப் பெயர் சொல்வது பண்ணைகளில் இன்றும் உண்டு. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து நிலக்கிழார்கள் பெரிய அளவில் பார்க் கட்டத் தொடங்கினார்கள். 1661ஆம் ஆண்டுச் சட்டம், ஆண்டு வருமானம் 1,000 ஸ்காட்லாந்து பவுண்டு உள்ளவர்கள் பத்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் நான்கு ஏக்கர் நிலத்தையாவது அடைத்துச் சுற்றிலும் மரம் நட வேண்டும் என்றது. 1695இல் வந்த இரண்டு சட்டங்கள், சிதறிய ரிக்குகளை ஒன்றுசேர்க்கவும் பொது மேய்ச்சல் நிலத்தைப் பங்குபோடவும் வழி திறந்தன.

தென்மேற்கு ஸ்காட்லாந்தின் கேலவே பகுதியில் பால்டூன் என்ற இடத்தில் டேவிட் டன்பார் கட்டிய மாட்டுப் பார்க் ஏறத்தாழ இரண்டரை மைல் நீளமும் ஒன்றரை மைல் அகலமும் கொண்டது என்று 1684இல் ஆண்ட்ரூ சிம்சன் என்ற பாதிரியார் எழுதி வைத்திருக்கிறார். கொழுத்த மாடுகளை இங்கிலாந்துச் சந்தைக்கு ஓட்டுவதுதான் தொழில். பார்க் பெருகப் பெருகக் குடியானவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1724இல் கேலவே மக்கள் கும்பலாகத் திரண்டு, நீண்ட கழிகளால் நெம்பிப் புதிய சுவர்களைத் தள்ளினார்கள். ‘லெவலர்கள்’, அதாவது மட்டமாக்குபவர்கள், என்று அவர்களுக்குப் பெயர் வந்தது. குதிரைப்படை வந்துதான் கலகம் அடங்கியது. அவர்கள் தள்ளியது பார்க் சுவர்களை. ஹேனிங்கை எதிர்த்து அப்படி ஒரு கலகம் நடந்திருக்க முடியாது. ஏனென்றால் ஹேனிங் ஊரார் ஒப்புதலில் நின்றது, அல்லது சில ஆண்டுகளில் திறந்துவிடக்கூடியது. பார்க்கோ ஒரு முறை மூடினால் மூடியதுதான்.

1760க்குப் பின் ஸ்காட்லாந்தின் தாழ்நிலம் முழுவதும் நிரந்தர வேலியும் சுவரும் பரவியபோது, பருவத்துக்கு மட்டும் காப்பது என்ற ஏற்பாட்டுக்கே தேவை குறைந்தது. ஹேனிங் என்ற பெயர்ச்சொல் மெல்ல ஊர்ப்பெயர்களுக்குள் ஒதுங்கியது. ‘ஹேன்’ என்ற வினை சேமிப்புப் பொருளில் வீடுகளுக்குள் பிழைத்துக்கொண்டது. ஸ்காட்ஸ் அகராதிகளில் இன்றும் இரண்டு பொருளும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஆனால் பேச்சில் யாராவது ‘ஹேன்’ என்றால் பெரும்பாலும் பணத்தையோ பண்டத்தையோதான் சொல்வார்.

அடைப்பைக் குறிக்க ஸ்காட்லாந்தில் வேறு சொற்களும் நிறைய உண்டு. அவற்றோடு ஹேனிங்கைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ‘ஃபால்ட்’ என்பது கால்நடைகளை இரவில் அடைக்கும் பட்டி. புறவயலில் புல்மண் சுவர் எழுப்பி மாடுகளை அடைத்து, எரு சேர்ந்தபின் அந்த இடத்தை உழுது விதைப்பார்கள். நம் ஊரில் கிடை போடுவது என்போமே, அதே உத்தி. ‘பக்ட்’ என்பது பெண்ணாடுகளைப் பால் கறக்க அடைக்கும் சிறு பட்டி. ஃபிளெமிஷ் மொழியிலிருந்து வந்திருக்கலாம் என்பது பரவலான கருத்து. மேல்நிலத்தில் ஆடுகளைக் கூட்டி மயிர் கத்தரிக்கும் பட்டி ‘ஃபேங்க்’. கேலிக் வழி வந்தது. ஆர்க்னியில் ‘குவாய்’ என்று முடியும் பண்ணைப் பெயர்கள் ஏராளம்; கால்நடைப் பட்டியைக் குறித்த நார்ஸ் ‘க்வீ’தான் அது. ஷெட்லாந்தில் ஆட்டுப்பட்டிக்கு ‘க்ரோ’ என்பார்கள். இது கேலிக்கிலிருந்து நார்ஸுக்குப் போய், நார்ஸிலிருந்து ஷெட்லாந்துப் பேச்சுக்கு வந்த சொல். சுற்றி வளைத்து ஊர் திரும்பியது.

இவை எல்லாமே விலங்கை உள்ளே வைக்கும் அடைப்புகள். ஹேனிங் விலங்கை வெளியே வைப்பது. முக்கியமான வேறுபாடு இது ஒன்றுதான். ஆர்க்னியின் வடகோடியில் இருக்கும் நார்த் ரொனால்ட்சே தீவில் இந்தத் தத்துவம் உச்சத்துக்குப் போயிருக்கிறது. அங்கே 1832இல் தீவைச் சுற்றிலும் ஏறத்தாழ 21 கிலோமீட்டர் நீளத்துக்குக் கற்சுவர் எழுப்பி, ஆடுகளைக் கடற்கரைப் பக்கம் தள்ளிவிட்டார்கள். அந்த ஆடுகள் கடற்பாசியைத் தின்றே வாழ்கின்றன. குட்டி போடும் காலத்தில் மட்டும் தாய் ஆடுகளை உள்ளே விடுவார்கள். கத்தரிப்பதற்காக அவற்றைக் கூட்டி அடைக்கும் கற்பட்டிகளுக்கு அங்கே ‘பண்ட்’ என்று பெயர். ஒரு தீவு முழுவதையுமே ஹேன் செய்த கதை என்று இதைச் சொல்லலாம், அந்தத் தீவுக்காரர்கள் இந்தச் சொல்லைப் பயன்படுத்தாவிட்டாலும்.

இடப்பெயர்களில் செல்கர்க் ஹேனிங் தவிர, லின்லித்கோவுக்கு மேற்கே மியூரேவனில் இடிந்து நிற்கும் ஆல்மண்ட் கோட்டையும் முதலில் ஹேனிங் என்றே அழைக்கப்பட்டது. 17ஆம் நூற்றாண்டில் ஆல்மண்ட் பிரபு பட்டம் பெற்ற லிவிங்ஸ்டன் குடும்பத்தார் பெயரை மாற்றிவிட்டார்கள். செல்கர்க்கில் பெயர் தப்பியது. அங்கே 12ஆம் நூற்றாண்டு அரச கோட்டையின் மண்மேடு ஹேனிங் நிலத்துக்குள்ளேயே இருக்கிறது. வேட்டைக் காட்டின் விளிம்பில், அரச கோட்டைக்குப் பக்கத்தில், ‘காக்கப்பட்ட நிலம்’ என்ற பெயர் வருவதில் வியப்பில்லை. 1701இல் பிரிங்கிள் குடும்பம் அதை வாங்கியது. இப்போதுள்ள மாளிகை 1790களில் கட்டப்பட்டது. கடைசி உரிமையாளர் 2009இல் இறந்தபோது அதைச் செல்கர்க்‌ஷயர் மக்களுக்கு எழுதி வைத்தார். யாரையும் உள்ளே விடாதே என்று பெயரிலேயே சொல்லும் இடத்தில் இப்போது யார் வேண்டுமானாலும் ஏரிக்கரையில் நடக்கலாம்.

கேட்டவர் பழைய ஆவணங்களைப் படிக்கும் எண்ணம் உள்ளவர் போலத் தெரிகிறது. ஆகவே சில நடைமுறைக் குறிப்புகள். 1700க்கு முந்தைய ஸ்காட்ஸ் எழுத்தில் இந்தச் சொல் ஆங்கில ‘ஐ’ (i) எழுத்து இல்லாமல், ஹனிங் என்று படிக்கத் தோன்றும்படி இருக்கும். அதைத் தனிச் சொல்லாக எண்ண வேண்டாம். அந்தக் காலத்துக்கு 12 தொகுதிகளான பழைய ஸ்காட்டிய மொழி அகராதியையும், 1700க்குப் பிந்தைய காலத்துக்கு 10 தொகுதிகளான ஸ்காட்டிய தேசிய அகராதியையும் பார்க்க வேண்டும். இரண்டும் இணைந்து இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1808இல் ஜான் ஜேமிசன் வெளியிட்ட அகராதி படிக்கச் சுவையானது, வழக்குகளுக்கு அருமையான களஞ்சியம். ஆனால் ஸ்காட்ஸ் மொழி, பழங்காலத்தில் வடக்கு ஸ்காட்லாந்தில் வாழ்ந்த பிக்ட் மக்கள் வழியாக நேரே வடக்கிலிருந்து வந்தது என்ற கொள்கையோடு அவர் எழுதியதால், அவர் தரும் வேர்களை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கிழக்கு இங்கிலாந்து வழக்கில் வாடகையையோ விலையையோ உயர்த்துவதற்கு ‘ஹேன்’ என்று ஒரு வினை உண்டு. அது வேறு சொல். ஸ்காட்லாந்து ஆவணத்தில் அந்தப் பொருளைத் திணித்தால் குத்தகைக்காரருக்கு இல்லாத வாடகை உயர்வு ஒன்று முளைத்துவிடும்.